உணவைக் கெடுக்கும் கிருமிகளுக்கும் ஒரு பகைவன்

விடியுமுன் எழுந்து மாட்டைக் கறந்து, சங்கத்துக்குக் கொண்டு செல்லும் பால் நண்பகலுக்குள் திரிந்துவிடுமாயின், ஒரு விவசாயக் குடும்பம் இழப்பது பாலை மட்டுமன்று. மாட்டுக்கு இட்ட தீவனத்தின் விலையையும், வீட்டுப் பெண்களின் உழைப்பையும், அடுத்த வாரச் செலவுக்கு நம்பியிருந்த பணத்தையும் சேர்த்தே இழக்கிறது. கரை சேர்ந்த மீனும், சந்தைக்குச் செல்லும் இறைச்சியும் காய்கறியும் இவ்வாறே. ஆகவே, உற்பத்தியைப் பெருக்குவது எவ்வளவு இன்றியமையாததோ, உற்பத்தியானதைக் கெடாமற் காப்பதும் அவ்வளவு இன்றியமையாதது.

உணவைக் கெடுப்பவற்றுள் முதன்மையானவை பாக்டீரியா எனப்படும் நுண்ணுயிர்கள். வெப்பமும் ஈரமும் சத்தும் ஒருங்கே கிடைத்தால், சில வகைப் பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்க வல்லன. தடையின்றி இவ்வாறு பெருகினால், ஒரே ஒரு பாக்டீரியா 10 மணி நேரத்தில் 107 கோடியாகிவிடும். கறந்த பாலைத் தாமதிக்காமல் குளிர்விக்க வேண்டும் என்று நாம் ஓயாது கூறுவதன் காரணம் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

இப்பாக்டீரியாக்களுக்கும் இயற்கையில் ஒரு பகைவன் உண்டு. அப்பகைவனைக் கொண்டு உணவைக் காக்க இயலுமா என்று பல நாடுகளில் ஆராய்ந்து, சில இடங்களில் நடைமுறைக்கும் கொணர்ந்துள்ளனர். அது யாது, எவ்வாறு வேலை செய்கிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம். புதிய விஞ்ஞானம் ஊருக்குள் வரும்போது, அதன் பெயரால் போலிச் சரக்கும் உடன் வருவது உலக வழக்கு அன்றோ?

பகைவன் யார்?

அவனுடைய பெயர் பாக்டீரியோபேஜ். சுருக்கமாகப் பேஜ் என்பர். பேஜ் என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் உண்பது என்பதாகும். இது பாக்டீரியாவை மட்டுமே பற்றும் ஒரு வகை வைரஸ். பாக்டீரியாவின் நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என்ற அளவினது. பேஜோ அதனினும் ஐந்து முதல் பத்து மடங்கு சிறியது. எனவே, சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் அது புலப்படாது.

இதன் வரலாறு நம் நாட்டையும் தொட்டுச் செல்கிறது. ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹாங்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கங்கை, யமுனை ஆறுகளின் நீரில் காலராக் கிருமிகள் சில மணி நேரத்தில் மடிவதையும், அந்நீரைக் கொதிக்க வைத்தால் அவ்வாற்றல் மறைந்து விடுவதையும் கண்டு 1896-ல் எழுதினார். காரணம் யாதென அவருக்கு விளங்கவில்லை. பேஜ்களே காரணமாயிருக்கலாம் எனப் பின்வந்தோர் கருதினர். இதனால் ஆற்று நீர் தூயது என்று எவரும் எண்ணிவிடலாகாது. பேஜ் மிகுந்த இடம் என்பது அதற்கு இரையாகும் பாக்டீரியா மிகுந்த இடமே ஆகும்.

1915-ல் இங்கிலாந்தில் பிரடெரிக் ட்வார்ட்டும், 1917-ல் பாரிஸ் நகரப் பாஸ்டர் நிலையத்தில் பெலிக்ஸ் தெரேலும் இவற்றைத் தனித்தனியே கண்டறிந்தனர். பாக்டீரியோபேஜ் எனப் பெயரிட்டவர் தெரேல். நோயாளிகளுக்கு மருந்தாகப் பேஜ்களைக் கொடுக்கும் முறையும் அக்காலத்திலேயே தோன்றியது. ஆயினும் 1940-க்குப் பின் பெனிசிலின் முதலிய எதிருயிரி மருந்துகள் பெருகவே, மேலை நாடுகள் பேஜை மறந்தன. இன்று அம்மருந்துகளுக்கு மசியாத பாக்டீரியாக்கள் பல தோன்றிவிட்டமையால், பழைய பேஜின் மீது புதிய கவனம் திரும்பியிருக்கிறது.

எவ்வாறு வேலை செய்கிறது?

பேஜுக்குத் தானாக உண்ணவோ, நகரவோ, பெருகவோ இயலாது. நீரிலும் மண்ணிலும் உணவிலும் மிதந்து திரியும் அது, தற்செயலாகத் தனக்குரிய பாக்டீரியாவைச் சந்தித்தால், அதன் மேற்புறத்தில் ஒட்டிக் கொள்ளும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல, ஒவ்வொரு பேஜும் சில குறிப்பிட்ட பாக்டீரியாக்களில் மட்டுமே ஒட்டும். ஒட்டியதும் தன் மரபுப் பொருளைப் பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறது. அதன் பின் பாக்டீரியா தன் வேலையை விட்டுவிட்டுப் பேஜின் படிகளைச் செய்யத் தொடங்குகிறது. பிறர் வீட்டுச் சமையலறையைக் கைப்பற்றித் தன் சுற்றத்துக்குச் சமைக்கச் சொல்வது போன்றது இது.

பல பேஜ்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இது போதும். உள்ளே பல பத்து, சில வேளை நூற்றுக்கு மேற்பட்ட புதிய பேஜ்கள் நிரம்பியதும், பாக்டீரியா வெடித்து மடிகிறது. வெளிவந்த பேஜ்கள் அடுத்த பாக்டீரியாவைத் தேடுகின்றன. இரை உள்ளவரை பெருகுவதும், இரை தீர்ந்ததும் நின்றுவிடுவதும் பேஜின் இயல்பு.

எல்லாப் பேஜ்களும் இவ்வாறு உடனே கொல்வனவல்ல. சில, பாக்டீரியாவுக்குள் புகுந்து அதன் மரபுப் பொருளோடு கலந்து உறங்கிக் கிடக்கும். இவ்வகையில் சில, நச்சை உண்டாக்கும் பண்பைப் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. காலராக் கிருமியின் நச்சுக்குரிய மரபுப் பொருள் ஒரு பேஜின் வழியாக வந்ததே என்பது 1996-ல் வெளியான ஆராய்ச்சியால் தெரிய வந்தது. ஆகவே, உணவுக்கு ஏற்ற பேஜைத் தேர்ந்தெடுப்பது ஆய்வுக் கூடத்தில் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. வீட்டிலோ பட்டியிலோ செய்து கொள்ளத் தக்கதன்று.

சுவரை அறுக்கும் நொதி

பாக்டீரியாவைச் சுற்றி ஓர் உறுதியான சுவர் உண்டு. பெருகிய பேஜ்கள் வெளியேற வேண்டுமானால் அச்சுவர் உடைய வேண்டும். அதற்கெனப் பேஜ் ஒரு நொதியை, அதாவது என்சைமை, உண்டாக்கி வைக்கிறது. அதன் பெயர் எண்டோலைசின். அது சுவரின் பின்னலை அறுத்ததும், உள்ளிருக்கும் அழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்கிறது.

இந்த நொதியை மட்டும் பிரித்தெடுத்து வெளியிலிருந்து இட்டால் என்ன என்று விஞ்ஞானிகள் எண்ணினர். 2001-ல் நியூயார்க் நகர ராக்பெல்லர் பல்கலைக் கழகத்தார், ஒரு பேஜின் நொதியைக் கொண்டு எலிகளின் தொண்டையிலிருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை அழித்துக் காட்டினர். 2008-ல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், காய்ச்சிப் பதப்படுத்திய பாலில் ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை வேண்டுமென்றே கலந்து, பேஜ் நொதி ஒன்றை இட்டனர். 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 4 மணி நேரத்துக்குப் பின் அக்கிருமி அப்பாலில் தென்படவில்லை. மாடுகளின் மடிநோய்க்குக் காரணமான கிருமிகளுள் இதுவும் ஒன்று என்பதைக் கால்நடை வளர்ப்போர் அறிவர்.

இவ்வகை நொதி நமக்கு முற்றிலும் புதியதன்று. கோழி முட்டையின் வெண்கருவில் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங்கே அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1922-ல், லைசோசைமைப் பற்றியும் எழுதினார். அதுவும் பாக்டீரியாவின் சுவரை அரிப்பதே. ஐரோப்பாவில் பாலாடைக்கட்டி செய்வோர் நெடுங்காலமாக அதைப் பயன்படுத்தி வருகின்றனர்.

ஆனால், எல்லாப் பாக்டீரியாவிடத்தும் நொதி இவ்வாறு எளிதில் வேலை செய்வதில்லை. கிராம் பாசிட்டிவ் எனப்படும் வகைக்குச் சுவர் வெளிப்புறமே அமைந்திருத்தலால், நொதி எளிதில் எட்டும். கிராம் நெகட்டிவ் என்ற மற்றொரு வகைக்கோ சுவரின் மேல் இன்னொரு போர்வை உண்டு. அது நொதியைத் தடுத்துவிடும். குளிரில் வைத்த பாலையும் இறைச்சியையும் கெடுப்பதில் முன்னிற்கும் சூடோமோனாஸ் இப்போர்வையுள்ள வகையே. போர்வையையும் கடக்கும்படி நொதிகளை மாற்றியமைக்கும் முயற்சிகள் ஆய்வுக் கூடங்களில் நடைபெறுகின்றன.

எங்கே பயன்பட்டது?

குளிர்சாதனப் பெட்டியிலும் பெருகக் கூடிய லிஸ்டீரியா என்ற பாக்டீரியா உண்டு. அது உணவைக் கெடுத்துக் காட்டாமலேயே நோயை உண்டாக்கும். கருவுற்ற பெண்களுக்கு அதனால் கருச்சிதைவு நேரிடலாம். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 6 பேஜ்களின் கலவை ஒன்றை, சமைத்துப் பொதியப்படும் இறைச்சியின் மீது லிஸ்டீரியாவைத் தடுக்கத் தெளிக்கலாம் என அனுமதித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, தக்காளி, மிளகாய்ச் செடிகளில் பாக்டீரியாவால் வரும் புள்ளி நோய்க்கு எதிரான பேஜ் மருந்து ஒன்றும் அந்நாட்டில் பதிவு பெற்றது.

உணவைக் கெடுக்கும் பாக்டீரியா ஒன்றின் கதை கால்நடை வளர்ப்போருக்குத் தனிப் பாடமாகும். ஐரோப்பாவில் மாதக்கணக்கில் முதிர வைக்கும் பாலாடைக்கட்டி, சில வேளை உள்ளே வாயு மிகுந்து உப்பிப் பிளந்து, துர்நாற்றம் வீசும். காரணம் கிளாஸ்டிரிடியம் டைரோபியூட்டிரிக்கம் என்ற பாக்டீரியா. அது எங்கிருந்து வருகிறது? சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப் புல்லைச் சரியாகப் பதனிடாவிடில், அதில் இது பெருகுகிறது. மாட்டின் வயிற்றின் வழியே சாணத்துக்கு வருகிறது. சாணம் படிந்த மடியிலிருந்து பாலுக்குள் இறங்குகிறது. இதன் வித்துக்கள் பாலைச் சுடவைக்கும் வெப்பத்துக்கும் அழியா. 2010-ல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் இப்பாக்டீரியாவைக் கொல்லும் பேஜ் ஒன்றை ஆராய்ந்து, அதன் எண்டோலைசினைத் தனியே உண்டாக்கி, அது இப்பாக்டீரியாவை உடைப்பதைக் கண்டனர். நொதி நல்ல கருவிதான். எனினும், தீவனக் குழியை ஒழுங்காக மூடியும், மடியைக் கழுவியும் வந்தால், அக்கருவிக்கு வேலையே குறைந்துவிடும் என்பதையும் இக்கதை காட்டுகிறது.

எங்கே பயன்படவில்லை?

வெற்றியை மட்டும் கூறித் தோல்வியை மறைப்பது முறையன்று. கனடா நாட்டில் லக்கோம்ப் என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார், மாட்டிறைச்சியைக் கெடுக்கும் சூடோமோனாஸை ஒழிக்கப் பேஜ்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். தேர்ந்தெடுத்த ஒரே வகைப் பாக்டீரியாவை இட்டுச் சோதித்தபோது பேஜ் நன்கு வேலை செய்தது. ஆனால் கடைக்கு வரும் இறைச்சியில் இயற்கையாக இருப்பனவோ பற்பல இனங்கள். பல பேஜ்களைக் கூட்டாக இட்டும் இறைச்சி கெடுவதைத் தடுக்க இயலவில்லை என 1990-ல் அவர்களே எழுதினர். சாவி பொருந்தாத பூட்டுகள் அப்படியே எஞ்சிவிட்டன.

பாலிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மடிநோய்க் கிருமியைக் கொல்லும் ஒரு புகழ் பெற்ற பேஜ், சுடவைத்த பாலில் வேலை செய்தது. பச்சைப் பாலில் வேலை செய்யவில்லை. பச்சைப் பாலிலுள்ள புரதங்கள் பாக்டீரியாவின் மேல் படிந்து பேஜ் ஒட்டுவதைத் தடுப்பதே காரணம் என 2005-ல் அயர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டனர்.

மேலும், பேஜ் நன்மைக்கு மட்டுமே உரியதன்று. பாலைத் தயிராகவும் பாலாடைக்கட்டியாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாவையும் அதற்குரிய பேஜ் கொல்லும். நியூசிலாந்தில் பாலாடைக்கட்டிக்கு இட்ட உறை சரியாகப் புளிக்காமற் போவதற்குப் பேஜே காரணம் என்பது 1935-ல் வெளிப்பட்டது. இன்றும் பால் பண்ணைத் தொழிலில் பேஜ் ஒரு பெருங்கவலையே.

எழக் கூடிய ஐயங்கள்

வைரஸ் என்றதும் அஞ்ச வேண்டுமா? வேண்டுவதில்லை. மனிதரின் உயிரணுக்களில் பேஜ் புகுந்து பெருகாது. நாம் குடிக்கும் நீரிலும், உண்ணும் தயிரிலும், நம் குடலிலும் பேஜ்கள் எந்நாளும் உள்ளன. ஆயினும், உணவில் வேண்டுமென்றே சேர்ப்பதற்கு, உறங்கும் வகையைச் சேராததும், நச்சுப் பண்பு ஏதும் சுமக்காததும், தூய்மையாகத் தயாரிக்கப் பெற்றதுமான பேஜே தகும்.

பாக்டீரியா பேஜுக்கும் பழகிவிடாதா? பழகிவிடக் கூடும். அதனால்தான் ஒரே பேஜை இடாமல் பலவற்றைக் கலந்து இடுகின்றனர்.

கெட்டுப் போன உணவைப் பேஜ் மீட்டுத் தருமா? தராது. பாக்டீரியா முன்னரே உண்டாக்கிய புளிப்பும், நாற்றமும், நச்சும், அது மடிந்த பின்னும் உணவில் தங்கிவிடும். ஸ்டபிலோகாக்கஸின் நச்சு கொதிக்க வைத்தாலும் எளிதில் அழிவதில்லை. சூடோமோனாஸ் பாலில் விட்டுச் செல்லும் சில நொதிகளும் அத்தகையனவே. பாக்டீரியா பெருகுமுன் தடுப்பதே அறிவுடைமை. பெருகிய பின் கொல்வது, வீடு எரிந்த பின் கிணறு வெட்டுவதாகும்.

பஞ்சாயத்துகளின் கடமை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். பேஜும் அதன் நொதியும் ஒரு குறிப்பிட்ட பகைவனுக்கெனச் செய்த கூரிய கருவிகள். தூய்மையும் குளிர்ச்சியுமோ எல்லாப் பகைவருக்கும் எதிரான மதில்கள். மதிலின்றி வெறும் வாளால் ஊரைக் காக்க இயலாது. இன்று நம் கிராமங்கள் செய்ய வேண்டுவன மதில் கட்டும் வேலைகளே.

முதலாவதாக, கறக்குமுன் மடியையும் கைகளையும் தூய நீரால் கழுவித் துடைத்தல் வேண்டும். பாத்திரங்களை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து உலர்த்துதல் வேண்டும். நல்ல நீர் கிடைக்கச் செய்வது பஞ்சாயத்தின் பொறுப்பு.

இரண்டாவதாக, கறந்த பாலை விரைந்து சங்கத்தில் சேர்த்து, 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தல் வேண்டும். குளிரூட்டும் நிலையம் உள்ள ஊர்களில் மின்சாரமும் சாலையும் தடையின்றி இருக்கின்றனவா என்று உறுப்பினர்கள் நேரில் பார்த்து வருதல் நன்று. மீனுக்கு, எடைக்கு எடை சுத்தமான பனிக்கட்டி இடுதல் வேண்டும்.

மூன்றாவதாக, பாலின் தரத்தை மெதிலீன் நீலச் சோதனையால் அறிந்து கொள்ளலாம். பாலில் கலந்த நீல நிறம் விரைவில் மறையுமானால் பாக்டீரியா மிகுதி. 5 மணி நேரத்துக்கு மேலும் நிலைக்குமானால் பால் மிக நன்று. அரை மணிக்குள் மறையுமானால் மோசம். எந்தக் குழுவின் பாலில் நிறம் விரைந்து மறைகிறது என்று கண்டு, அவர்களுக்குப் பொறுமையாக வழி கூறுதல் தண்டிப்பதினும் பயன் தரும்.

நான்காவதாக, பால் திரியாமலிருக்கச் சோடாவையும், மீன் கெடாமலிருக்கப் பார்மலினையும் சேர்க்கும் தீய வழக்கத்தை ஊரார் ஒருமித்து ஒழித்தல் வேண்டும். இவை உண்பவர் உடல்நலத்துக்குக் கேடு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஐந்தாவதாக, ‘கிருமியைத் தின்னும் கிருமி’ என்று கூறி எவரேனும் ஒரு நீர்மத்தைப் புட்டியில் விற்க ஊருக்கு வந்தால், பஞ்சாயத்துத் தலைவர் மூன்று கேள்விகள் கேட்கட்டும். இது கொல்வது எந்தப் பாக்டீரியாவை? எந்த உணவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்? இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் அனுமதி எங்கே? எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று விடை வந்தால், அது பேஜ் அன்று என்று உடனே அறிந்து கொள்ளலாம். ஏனெனில், எல்லாவற்றையும் கொல்லும் பேஜ் உலகில் இல்லை. மூன்று கேள்விகளுக்கும் தக்க சான்றுடன் விடை கிடைக்குமாயின், கால்நடை மருத்துவரையும் உணவுப் பாதுகாப்பு அலுவலரையும் கலந்து மேலே செல்லலாம்.

விஞ்ஞானம் தரும் புதிய கருவிகளை வரவேற்போம். ஆனால் அவற்றின் எல்லையை அறிந்து வரவேற்போம். சுத்தமான கையும், குளிர்ந்த பாலும், மூடிய பாத்திரமும் உள்ள கிராமத்துக்கே நாளை வரும் பேஜும் நொதியும் முழுப் பயன் தரும். அத்தகைய கிராமமாக நம் ஊரை ஆக்கும் பணியை அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே தொடங்குவோமாக.